அகலாது, அணுகாது: ஆர்மண்ட் மாஸ் படித்த மார்மன்கள்

சமூகவியலாளர் ஆர்மண்ட் மாஸ் 1928-இல் சால்ட் லேக் சிட்டியில் பிறந்தவர், கலிஃபோர்னியாவில் வளர்ந்தவர். இளம் வயதில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் தோன்றிய கிறித்தவப் பிரிவான மார்மன் சபைக்காக ஊழியம் செய்தார். பிறகு அமெரிக்க விமானப்படையில் சேர்ந்து ஜப்பானுக்குப் போய், டோக்கியோவில் இயேசு சபைத் துறவிகள் நடத்தும் சோபியா பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார். 1960-களில் பெர்க்லியில் மாணவர் போராட்டம் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தபோது அந்த வளாகத்தில் சமூகவியல் ஆய்வு மாணவராக இருந்தார். ஆய்வுக்கு அவர் எடுத்துக்கொண்டது தன் சொந்தச் சபையை. மார்மன்கள் சிறுபான்மையினரை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதே கேள்வி. மற்ற ஆண் உறுப்பினர்கள் அநேகமாக எல்லாருக்கும் கிடைக்கும் குருத்துவம் கறுப்பினத்தவருக்குக் கிடையாது என்று அந்தச் சபை உறுதியாகச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. மாஸ் சபையை விட்டு விலகவில்லை. கேள்வியையும் விடவில்லை. 2020 ஆகஸ்டில் இறக்கும்வரை ஞாயிற்றுக்கிழமை ஆராதனையும் வாரநாள் ஆராய்ச்சியும் ஒரே மனிதருக்குள் ஒன்றையொன்று கண்காணித்துக்கொண்டு வாழ்ந்தன.

யூட்டா மாநிலத்தில், லீஹை என்ற ஊரில் மென்பொருள் வேலை பார்த்த காலத்தில்தான் அவரைப் படிக்கத் தொடங்கினேன். மார்மன்களின் வேதமான மார்மன் நூலில் வரும் ஒரு தீர்க்கதரிசியின் பெயரைத் தாங்கிய ஊர் அது. இன்று அந்தப் பெயர்ப்பலகையைச் சுற்றி மென்பொருள் நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள். அக்கம்பக்கத்தார் அநேகமாக எல்லாரும் மார்மன்கள். புதிதாகக் குடிவந்தவர்களுக்குத் தட்டில் பிஸ்கெட் வரும், பனி கொட்டினால் நாம் கேட்காமலே வாசல் பாதை சுத்தமாகும். எங்கள் வட்டாரச் சபைக்கு பிஷப்பாக இருந்தவர் தொழிலால் பல் மருத்துவர். மார்மன் சபையில் உள்ளூர் பிஷப்புக்குச் சம்பளம் கிடையாது. சில ஆண்டுகள் ஊரின் கல்யாணம், சாவு, குடும்பச் சண்டை எல்லாவற்றையும் சுமந்துவிட்டு, பிறகு சாதாரண உறுப்பினராகப் பின்வரிசைக்குத் திரும்பிவிடுவார்.

அவர் ஒருநாள் மனைவியோடு வீட்டுக்கு வந்தபோது, கும்பகோணத்திலிருந்து வந்திருந்த அம்மா வழக்கம்போல டபராவில் காபி ஆற்றிக்கொண்டு வந்தார். அவர்கள் மிகவும் பணிவாக மறுத்தார்கள். தேநீர்? அதுவும் வேண்டாம். "வீட்டுக்கு வந்தவர்களை ஒரு வாய் காபிகூடக் கொடுக்காமல் அனுப்புவதா?" என்று அம்மாவுக்கு ஒரே தவிப்பு. எலுமிச்சைச் சாறு பிழிந்து கொடுத்த பிறகுதான் முகம் தெளிந்தது. அவர்கள் காபி, தேநீர், மது, புகையிலை எதையும் தொடமாட்டார்கள், மாதம் ஒரு ஞாயிறு உபவாசம் இருப்பார்கள், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குக் கொடுப்பார்கள் என்று விளக்கினேன். அம்மா தலையை ஆட்டி, "அப்படியென்றால் ஆசாரமான குடும்பம்தான்" என்று தீர்ப்பு எழுதிவிட்டார். சமூகவியல் ஏடுகளில் பக்கம் பக்கமாக வாதிக்கப்பட்டது அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. ஆசாரம் என்பது நாம் யார் என்பதைவிட, நாம் யாராக இல்லை என்பதை ஊருக்குச் சொல்லும் ஏற்பாடு.

இந்தக் காபி விலக்குக்கே ஒரு வரலாறு உண்டு. சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் 1833-இல் அதை வெளிப்படுத்தலாக அறிவித்தபோது அதன் வாசகமே அறிவுரைத் தொனியில்தான் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் மார்மன்கள் பலர் கவலையில்லாமல் காபி குடித்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஹீபர் கிராண்ட் தலைவராக இருந்தபோதுதான், அது கோயிலுக்குள் நுழைவதற்கான நிபந்தனையாக இறுகியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் பலதார மணத்தைச் சபை முற்றாகக் கைவிட்டிருந்தது. ஒரு வேலி விழுந்த இடத்தில் வேறொன்றை நட வேண்டியிருந்தது. பல மனைவிகள் போன இடத்தில் காபி மறுப்பு வந்து உட்கார்ந்துகொண்டது.

மார்மன்களைப் பற்றி மாஸ் எழுதிய முதல் பெரிய நூல் 1994-இல் வந்தது. அதன் தலைப்பில் தேவதையும் தேன்கூடும் அருகருகே நிற்கின்றன. சால்ட் லேக் கோயிலின் உச்சியில் மொரோனாய் என்ற தேவதையின் பொன்னிறச் சிலை எக்காளம் ஊதிக்கொண்டு நிற்கிறது. அதற்கு மிக அருகே, முன்பு ஹோட்டல் யூட்டாவாக இருந்த கட்டடத்தின் மேலே தேன்கூடு. உழைப்பு, சிக்கனம், வியாபாரம் ஆகியவற்றின் சின்னம் அது. யூட்டா மாநில முத்திரையிலும் அதுவே. ஒன்று வானத்தைப் பார்க்கிறது, மற்றது கல்லாப்பெட்டியைப் பார்க்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே சபை ஊசலாடுவதுதான் மார்மன் வரலாறு என்றார் மாஸ்.

சமூகத்திலிருந்து மிகவும் விலகி நின்றால் அடி விழும், அவமானம் வரும், கடைசியில் அழிவும் வரலாம். மிகவும் நெருங்கிப் போனால் மரியாதை கிடைக்கும், ஆனால் பக்கத்துத் தெருச் சபைக்கும் நமக்கும் என்ன வித்தியாசம் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் போகும். பதில் இல்லாத சபையில் யாரும் பத்தில் ஒரு பங்கு கொடுக்கமாட்டார்கள், இளைஞர்கள் இரண்டு வருடம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அந்நிய தேசத்தில் கதவு தட்டப் போகமாட்டார்கள். ஆகவே அகலாமலும் அணுகாமலும் தீக்காய்கிறவர்போலத் தள்ளி உட்கார வேண்டும். சூடும் வேண்டும், சுடவும் கூடாது. சிக்கல் என்னவென்றால், நெருப்பு ஒரே அளவில் எரிவதில்லை. சுற்றியுள்ள சமூகம் மாறிக்கொண்டே இருக்கிறது. உட்கார்ந்த இடத்திலேயே அசையாமல் இருப்பவர்கூட ஒருநாள் நெருப்புக்கு வெகுதொலைவிலோ, நெருப்புக்குள்ளேயோ இருப்பதைக் காண நேரிடும்.

விலகி நின்ற காலத்தில் வாங்கிய அடிகள் கொஞ்சமில்லை. சபை 1830 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கியது. எட்டே ஆண்டுகளில் மிசூரி ஆளுநர் லில்பர்ன் பாக்ஸ், மார்மன்களை ஒன்று ஒழிக்க வேண்டும் அல்லது மாநிலத்தை விட்டுத் துரத்த வேண்டும் என்று அரசாணையே போட்டார். அந்த ஆணை முறைப்படி திரும்பப் பெறப்பட்டது 1976-இல். 1844 ஜூன் மாதம் இல்லினாய் மாநிலத்தின் கார்தேஜ் சிறைக்குள் புகுந்த கும்பல் ஜோசப் ஸ்மித்தைச் சுட்டுக் கொன்றது. பிரிகாம் யங்கின் தலைமையில் மிச்சமிருந்தவர்கள் மேற்கே நடந்து, 1847 ஜூலையில் யாருக்கும் வேண்டாத ஓர் உப்பு ஏரிப் பள்ளத்தாக்கில் குடியேறினார்கள். யாருக்கும் வேண்டாத என்று எழுதினால் அது குடியேறியவர்களின் மொழி. பழங்குடிகளான யூட், ஷோஷோனி மக்களுக்கு அது வேண்டியிருந்தது. அடி வாங்கியவர்கள் அடித்ததும் உண்டு. 1857 செப்டம்பரில் மவுன்டன் மெடோஸ் என்ற இடத்தில், கலிஃபோர்னியாவுக்குப் போய்க்கொண்டிருந்த குடியேறிகளை மார்மன் படையினர் கொன்று குவித்தார்கள். துன்புறுத்தப்பட்டவர்கள் என்ற நினைவு ஒருவரை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு அந்தப் புல்வெளியைவிடச் சாட்சி வேண்டாம்.

மாஸைப் படிக்கும்போது எனக்குத் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்ட ஆண்டு 1852. அந்த ஆண்டு பிப்ரவரியில் பிரிகாம் யங் யூட்டா பிரதேசச் சட்டமன்றத்தில் பேசியபோது, ஆப்பிரிக்க வம்சாவளியினருக்குக் குருத்துவம் இல்லை என்று வெளிப்படையாக அறிவித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில், அதுவரை மறைவாக நடந்துவந்த பலதார மணம் சபையின் கோட்பாடு என்று பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது. இரண்டும் ஒரே ஆண்டில் ஊருக்குத் தெரிந்த கொள்கைகள். ஒன்று 38 ஆண்டு நின்றது. மற்றது 126 ஆண்டு.

முதலில் விழுந்தது பலதார மணம். அமெரிக்க அரசு அதன்மீது முழு பலத்தோடு பாய்ந்தது. பிரிகாம் யங்கின் செயலாளராக இருந்த ஜார்ஜ் ரெனால்ட்ஸ் சோதனை வழக்குக்குத் தன்னையே ஒப்புக்கொடுத்தார். 1879-இல் உச்ச நீதிமன்றம், நம்பிக்கை வைத்துக்கொள்ளலாம், அதைச் செயலாக்கச் சட்டத்தை மீறக்கூடாது என்று தீர்ப்பளித்து அவரைச் சிறைக்கு அனுப்பியது. 1887-இல் வந்த சட்டம் சபையின் சட்ட அந்தஸ்தைக் கலைத்துச் சொத்துகளைப் பறிமுதல் செய்தது. யூட்டா பெண்கள் 1870 முதல் அனுபவித்துவந்த வாக்குரிமையையும் அந்தச் சட்டம் போகிற போக்கில் பிடுங்கிக்கொண்டது. 1890-இல் தலைவர் வில்ஃபர்ட் உட்ரஃப் அறிக்கை வெளியிட்டுப் பலதார மணத்திலிருந்து பின்வாங்கினார். 1896-இல் யூட்டா மாநிலமானது.

கறுப்பினத் தடைக்கு எதிராக அப்படி யாரும் பாயவில்லை. ஏன் பாய வேண்டும்? அந்த விஷயத்தில் மார்மன்கள் அமெரிக்காவோடு ஒத்துப்போய்க்கொண்டிருந்தார்கள். மாஸின் சிந்தனையில் எனக்கு மிகவும் கூர்மையாகப் பட்ட இடம் இதுதான். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இனத் தடையை மார்மன்களின் விசித்திரங்களில் ஒன்றாகப் பார்த்தார்கள். உண்மையில் அது விசித்திரமே அல்ல. கறுப்பினத்தவர் பைபிளில் சபிக்கப்பட்ட காயீன், காம் ஆகியோரின் வாரிசுகள் என்ற கதைகளை அமெரிக்கப் புராட்டஸ்டன்ட் பிரசங்கிகள் அடிமை முறைக்கு முட்டுக்கொடுக்க ஏற்கெனவே புழங்கிக்கொண்டிருந்தார்கள். மார்மன்கள் தங்கள் சரக்காக அதில் சேர்த்தது ஒன்று. மனித ஆன்மாக்கள் பிறப்பதற்கு முன்பே கடவுளோடு வாழ்ந்தன என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த முன்வாழ்வில் போதிய உறுதி காட்டாத ஆன்மாக்களே கறுப்புத் தோலில் பிறந்தன என்று பின்னால் வந்தவர்கள் விளக்கம் சொன்னார்கள். நம் காதுக்கு இது பழகிய ராகம். மேலே விவரிக்க வேண்டியதில்லை.

தடை ஒரு தத்துவமாக மட்டும் இருந்ததில்லை. ஜேன் மேனிங் ஜேம்ஸ் என்ற கறுப்பினப் பெண் கனெக்டிகட்டிலிருந்து புறப்பட்டு, பஃபலோவில் கப்பலேற இடம் மறுக்கப்பட்டதால் குடும்பத்தோடு கால்நடையாகவே நடந்து, 1843-இல் ஜோசப் ஸ்மித்தின் ஊரான நாவூவுக்குப் போய்ச் சேர்ந்தார். ஸ்மித்தின் வீட்டில் வேலை செய்தார். பின்னர் யூட்டாவுக்கும் வந்தார். குடும்பத்தைக் கோயிலில் நித்தியத்துக்கும் இணைக்கும் சடங்கு மார்மன் வாழ்வின் உச்சம். அதைத் தனக்கும் செய்யுங்கள் என்று தலைவருக்குப் பின் தலைவராக மனுப் போட்டுக்கொண்டே இருந்தார். 1894-இல் ஒரு சலுகை கிடைத்தது. ஜோசப் ஸ்மித்துக்கு நித்திய காலத்துக்கும் வேலைக்காரியாக இணைத்துவைத்தார்கள். அந்தச் சடங்குக்குக்கூட அவரைக் கோயிலுக்குள் விடவில்லை, வேறொரு பெண் அவருக்காக நின்றார். 1908-இல் அவர் இறந்தார். இதை எத்தனை முறை படித்தாலும் கோபம் தணிவதில்லை. 1836-லேயே குருத்துவம் பெற்ற எலைஜா ஏபல் என்ற கறுப்பினத்தவர் இருந்தார் என்பதும், அவர் கடைசிவரை சபைக்கு ஊழியம் செய்து 1884-இல் இறந்தார் என்பதும் வசதியாக மறக்கப்பட்டிருந்தன.

மாஸின் முதல் ஆய்வுகள் 1960-களின் நடுவில் வந்தன. மார்மன்களிடம் வினாத்தாள் கொடுத்து, கிடைத்த பதில்களை மற்றச் சபையினரின் பதில்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சமயத்துக்கு வெளியே, அன்றாட வாழ்வில், கறுப்பினத்தவர்மீது மார்மன்கள் கொண்டிருந்த தப்பெண்ணம் சராசரி அமெரிக்கக் கிறித்தவருடையதைவிடக் கூடுதலாக இல்லை என்று அவர் கண்டார். தாராளவாதச் சபைகளுக்கும் தெற்கத்திய பாப்டிஸ்டுகளுக்கும் நடுவே எங்கோ நின்றார்கள். சபைப் பிரியர்கள் இதைக் கேட்டு நிம்மதி அடைந்திருக்கலாம். எனக்கு அதில் நிம்மதி தெரியவில்லை. கோட்பாடே தேவையில்லாமல் மற்றவர்களும் அதே அளவு தப்பெண்ணத்தோடு இருந்தார்கள் என்பதுதானே அதன் மறுபக்கம்?

பிறகு நெருப்பு இடம் மாறியது. கறுப்பினத்தவருக்குச் சம உரிமை தரும் சட்டங்கள் வந்தன. நேற்றுவரை ஊரோடு ஒத்திருந்த சபை, ஒரே தலைமுறைக்குள் ஊரின் கண்டனத்துக்கு ஆளானது. 1969-இல் வயோமிங் பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் கறுப்பின வீரர்கள் பதினான்கு பேர், மார்மன் சபை நடத்தும் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துக்கு எதிரான ஆட்டத்தில் கையில் கறுப்புப் பட்டை அணிய விரும்பினார்கள். அதற்காக அணியிலிருந்தே நீக்கப்பட்டார்கள். ஸ்டான்ஃபர்ட் அந்தப் பல்கலைக்கழகத்தோடு இனி விளையாடமாட்டோம் என்றது. இத்தனை அழுத்தத்துக்கும் சபை அசையவில்லை. அழுத்தம் தணிந்து, பத்திரிகைகள் வேறு செய்திக்குப் போய்விட்ட பிறகு, 1978 ஜூனில் தலைவர் ஸ்பென்சர் கிம்பல் புதிய வெளிப்படுத்தல் வந்ததாக அறிவித்துத் தடையை நீக்கினார்.

இந்தக் கால இடைவெளியை மாஸ் விடாமல் பிடித்துக்கொண்டார். தலைவரையே தீர்க்கதரிசியாக ஏற்று அவர் வாக்கில் நடக்கும் சபை, தெருப் போராட்டத்துக்குப் பணிந்ததாகத் தெரியக்கூடாது. வெளி அழுத்தம் கதவைத் தட்டும்போது திறக்கமாட்டார்கள். தட்டியவர் போன பிறகு, உள்ளே இருப்பவர்களே யோசித்துத் திறப்பார்கள். உள்ளே யோசனை நடக்கக் காரணங்களும் இருந்தன. 1973-இல் லெஸ்டர் புஷ் என்ற மார்மன் மருத்துவர் ஆவணங்களைத் தோண்டி நீண்ட கட்டுரை எழுதினார். தடை ஜோசப் ஸ்மித்திடமிருந்து வந்ததற்குச் சான்று இல்லை, பிரிகாம் யங்கின் காலத்தில்தான் வேர் பிடித்தது என்று அதில் காட்டினார். இன்னொரு காரணம் பிரேசில். சாவ் பாவ்லோவில் கோயில் கட்டப்போவதாக 1975-இல் சபை அறிவித்தது. தலைமுறை தலைமுறையாக ரத்தம் கலந்த நாட்டில் யாரை உள்ளே விடுவது, யாரைத் தடுப்பது? ஊழியர்கள் குடும்பப் புகைப்படங்களைப் பார்த்து வம்சம் கணித்துக்கொண்டிருந்த கேலிக்கூத்து அதற்குமேல் தாங்காது. பல் மருத்துவர் பிஷப்பிடம் ஒருமுறை இதைப் பற்றிக் கேட்டேன். பையனாக இருந்தபோது 1978 செய்தியைக் காரின் ரேடியோவில் கேட்டதாகவும், அப்பா சாலையோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அழுததாகவும் சொன்னார். தடை ஏன் இருந்தது என்று கேட்டதற்கு, "ஆண்டவரின் நேரம் அப்போதுதான் வந்தது" என்றார்.

அந்தப் பதிலைத்தான் மாஸ் 2003-இல் வெளியிட்ட இரண்டாவது பெரிய நூல் முழுவதும் பிரித்துப் பார்க்கிறார். தேவதை, தேன்கூடு நூலையே எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அது படம் போட்டுக் காட்ட எளிது. எனக்கு இரண்டாவதுதான் பெரிய நூல். ஆபிரகாமின் பிள்ளைகள் யார் யார் என்று மார்மன்கள் காலந்தோறும் வரைந்த குலவரைபடத்தை அதில் ஆராய்ந்தார். ஒவ்வொரு மார்மனும் வாழ்வில் ஒருமுறை ஒரு முதியவரிடம் தனிப்பட்ட ஆசீர்வாதம் பெறுவார். இஸ்ரவேலின் எந்தக் கோத்திரத்தைச் சேர்ந்தவர் நீ என்று அந்த முதியவர் அறிவிப்பார். வட ஐரோப்பிய வம்சத்தவருக்குப் பெரும்பாலும் எப்பிராயீம் கோத்திரமே வாய்க்கும். ஆங்கிலேயரும் ஸ்காண்டிநேவியரும் காணாமல்போன இஸ்ரவேலர்களின் வாரிசுகள் என்ற கற்பனை அப்போது பிரிட்டனில் உலவிக்கொண்டிருந்தது. அது மார்மன்களிடமும் ஒட்டிக்கொண்டது. இஸ்ரவேல் வம்சமே நாம் என்று 1883-இல் நூல் எழுதியவர், பலதார மண வழக்கில் சிறை போன அதே ஜார்ஜ் ரெனால்ட்ஸ்.

செவ்விந்தியர்களுக்கு அந்த வரைபடத்தில் வேறோர் இடம். மார்மன் நூலின்படி அவர்கள் லாமானியர்கள், வழிதவறியதால் தோல் கறுத்த இஸ்ரவேலர்கள், ஒருநாள் மீண்டும் மலரப்போகிறவர்கள். புகழ்ச்சியும் இகழ்ச்சியும் ஒரே வாக்கியத்தில். 1940-களின் பிற்பகுதியிலிருந்து பல்லாயிரம் செவ்விந்தியக் குழந்தைகள், பெரும்பாலும் நவஹோக்கள், பள்ளி ஆண்டு முழுதும் வெள்ளை மார்மன் வீடுகளில் தங்கிப் படிக்க அனுப்பப்பட்டார்கள். இத்திட்டத்தின் பெரிய ஆதரவாளர் ஸ்பென்சர் கிம்பல். அந்தக் குழந்தைகளின் நிறம் வெளுத்துக்கொண்டுவருகிறது என்று 1960-இல் சபை மாநாட்டு மேடையிலேயே அவர் மகிழ்ச்சியோடு சொன்னார். 1978-இல் கறுப்பினத் தடையை நீக்கியவரும் அவரே. ஒரு மனிதரை நல்லவர், கெட்டவர் என்று எந்தப் பெட்டியிலும் போடாமல் மாஸ் கடந்துபோவதில் எனக்குச் சில இடங்களில் எரிச்சல் வந்ததுண்டு. கிம்பல் விஷயத்தில் அது சரியென்றே படுகிறது. அத்திட்டத்தில் வளர்ந்து சபையின் பொதுத் தலைவர்களுள் ஒருவராக உயர்ந்த முதல் செவ்விந்தியர் ஜார்ஜ் லீ. சபை தன் மக்களைக் கைவிட்டுவிட்டது என்று தலைவர்களைக் குற்றம்சாட்டினார். 1989-இல் சபையிலிருந்தே நீக்கப்பட்டார். அதற்குள் சபையின் கவனம் லத்தீன் அமெரிக்காவுக்குப் போய்விட்டிருந்தது. அங்கே பலர் லாமானியர் என்ற அடையாளத்தைத் தாங்களே விரும்பி எடுத்து அணிந்துகொண்டதையும் மாஸ் பதிவு செய்கிறார். மேலிருந்து ஒட்டப்பட்ட சீட்டைக் கீழிருப்பவர்கள் தங்கள் பெருமையாக மாற்றிக்கொள்வதும் உண்டு.

வரைபடம் மெல்ல மெல்ல அழிக்கப்பட்டது, பெரும்பாலும் சத்தமில்லாமல். மனம் திரும்பும் லாமானியர்கள் வெண்மையும் இனிமையும் ஆவார்கள் என்றிருந்த வசனம் 1981 பதிப்பில் தூய்மையும் இனிமையும் என்று மாறியது. லாமானியர்களே அமெரிக்கப் பழங்குடியினரின் முதன்மையான மூதாதையர் என்று அதே பதிப்பின் முன்னுரை சொன்னது. 2007-இல் அது மூதாதையர்களில் அடங்குவர் என்று சுருங்கியது. மரபணு ஆய்வுகள் அதற்குள் ஆசியாவைக் கைகாட்டத் தொடங்கியிருந்தன.

முதல் நூலில் மாஸ் சொன்ன ஊசலும் நிற்காமல் ஆடியது. 1960-களிலிருந்து சபை மரியாதை போதும் என்று பின்னோக்கி இழுத்துக்கொண்டதை அவர் விவரித்திருந்தார். பாடத்திட்டம் முதல் பத்திரிகைவரை எல்லாம் தலைமையகத்தின் ஒரே பிடிக்குள் வந்தது. பெண்கள் சங்கம் தன் சொந்தப் பத்திரிகையையும் நிதி நிர்வாகத்தையும் இழந்தது. தீர்க்கதரிசிக்குக் கீழ்ப்படிதல், குடும்பம், கோயில், வம்சாவளி ஆராய்ச்சி ஆகியவை முன்னுக்கு வந்தன. இங்கே மாஸ் ஒரு முரணைப் பிடித்தார். தனித்தன்மையைக் காப்பாற்றப் புறப்பட்டவர்கள், வேத வசனத்தை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்வதையும் பரிணாமக் கொள்கைமீதான பகையையும் புராட்டஸ்டன்ட் அடிப்படைவாதிகளிடமிருந்துதான் கடன் வாங்கினார்கள். 1990-களில் கோர்டன் ஹிங்க்லி தலைவரானதும் ஊசல் மறுபக்கம் திரும்பியது. தொலைக்காட்சிப் பேட்டிகள், 2002 குளிர்கால ஒலிம்பிக், புன்னகைகள். 2011-இல் மாஸ் தன் கோட்பாட்டைத் தானே திருத்தி எழுதினார். 2010-இலிருந்து 'நான் ஒரு மார்மன்' என்று விளம்பரம் செய்துவந்த சபை, 2018-இல் ரசல் நெல்சனின் தலைமையில் மார்மன் என்ற பெயரே வேண்டாம், முழுப் பெயரைச் சொல்லுங்கள் என்றது. புகழ்பெற்ற பாடகர் குழுவே பெயர் மாற்றிக்கொண்டது.

இந்தியாவோடும் இந்த ஊசலுக்குத் தொடர்பு உண்டு. இறந்த மூதாதையருக்கும் சடங்கு செய்யலாம் என்ற நம்பிக்கையால் உலகெங்கும் வம்சாவளிப் பதிவுகளைப் படமெடுத்துச் சேர்க்கிறார்கள். ஹரித்துவாரில் பண்டாக்கள் வைத்திருக்கும் குலப் பதிவேடுகளும் அவர்களுடைய நுண்படச் சுருள்களில் ஏறியிருக்கின்றன. யூட்டாவின் ஸ்பானிஷ் ஃபோர்க்கில் கிருஷ்ணர் கோயில் எழும்பியபோது மார்மன் சபை நன்கொடை கொடுத்தது. அங்கே ஹோலி நாளில் காபி குடிக்காத ஆயிரக்கணக்கான மார்மன் மாணவர்கள் வண்ணப்பொடியில் குளித்து ஹரே கிருஷ்ணா பாடுவார்கள். ஆசாரம் கெடாமல் கொண்டாட வேறெங்கும் அவர்களுக்கு அப்படி ஒரு விழா கிடைக்காது.

மாஸோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. ஊசல் என்று சொல்லும்போது சபை ஒரே உடலாக அசைவதுபோல ஒரு தோற்றம் வந்துவிடுகிறது. ஊசலை ஆட்டுபவர்கள் தலைமையில் உள்ள ஆண்கள். ஆட்டத்தில் அடிபடுபவர்கள் வேறு ஆட்கள். பெண்களுக்குச் சம உரிமை கோரும் அரசியல் சட்டத் திருத்தத்தை ஆதரித்துப் பேசிய சோனியா ஜான்சன் 1979-இல் சபையிலிருந்து நீக்கப்பட்டார். 1993 செப்டம்பரில் பெண்ணியரும் அறிஞர்களுமாக ஆறு பேர்மீது ஒரே மாதத்தில் ஒழுங்கு நடவடிக்கை. 2015 நவம்பரில், தன்பால் தம்பதியரின் குழந்தைகளுக்குச் சிறுவயதில் ஞானஸ்நானம் இல்லை என்று விதி வந்தது. 2019 ஏப்ரலில் அது போனது. மூன்றரை ஆண்டு. சபையின் கணக்கில் அது சின்ன ஆட்டம். அந்த மூன்றரை ஆண்டில், மார்மன் பிள்ளைகள் ஞானஸ்நானம் பெறும் எட்டு வயதைத் தொட்ட பிள்ளைக்கு அப்படியல்ல. தன் சபையை இவ்வளவு நேசித்தவரால் இந்த ஆட்களின் பக்கம் நின்று எழுத முடியவில்லை. அவர்கள் அவருடைய அட்டவணைகளில் வருகிறார்கள், அத்தியாயங்களில் அதிகம் வருவதில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் அடிபட்டவர்களின் பக்கம் நின்றுதான் போராடினார். விதி போனாலும் விளக்கம் போகவில்லை என்பதை முதலில் உரக்கச் சொன்னவர்களில் அவர் ஒருவர். 1978 அறிவிப்பு தடையை நீக்கியது. காயீன் சாபம் பொய் என்றோ, முன்வாழ்வுக் கதை தவறு என்றோ அதில் ஒரு சொல் இல்லை. ஆகவே அந்தக் கதைகள் ஞாயிறு வகுப்புகளிலும் பழைய புத்தகங்களிலும் தொடர்ந்து உயிர் வாழ்ந்தன. புதிதாகச் சபையில் சேர்ந்த கறுப்பினக் குடும்பங்கள் சேர்ந்த பிறகுதான் அவற்றைக் கேட்டுத் திடுக்கிட்டன. 1990-களின் பிற்பகுதியில், அந்த விளக்கங்களைப் பகிரங்கமாகக் கைகழுவுங்கள் என்று தலைமையிடம் எடுத்துச் சொன்ன சிறு குழுவில் மாஸும் இருந்தார். 1998 மே மாதம் செய்தி நாளிதழில் கசிந்தது. சபை மறுத்தது, முயற்சி அப்படியே நின்றுபோனது. தட்டுவது வெளியே கேட்டுவிட்டால் கதவு திறக்காது என்று எழுதியவருக்கே அது நேர்ந்தது.

2012-இல் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் மதப் பேராசிரியர் ஒருவர் தேசிய நாளிதழ் ஒன்றிடம் பழைய விளக்கங்களை அப்படியே ஒப்பித்தார். அதிபர் தேர்தலில் மிட் ராம்னி நின்றுகொண்டிருந்த ஆண்டு. சபை பதறிப்போய், அவை எங்கள் கோட்பாடு அல்ல என்றது. 2013 டிசம்பரில்தான் தன் இணையதளத்தில், தோல் நிறம் சாபத்தின் அடையாளம் என்பது போன்ற கருத்துகளை மறுத்து ஒரு கட்டுரை வெளியிட்டது. அதில் ஆசிரியர் பெயர் இல்லை. மாநாட்டு மேடையிலிருந்து யாரும் அதை வாசிக்கவில்லை. மன்னிப்பு என்ற சொல்லும் இல்லை. 1852-இல் தடையை அறிவித்தவர் சட்டமன்றத்தில் எழுந்து நின்று, தன் பெயரில் பேசினார்.

ஜேனா ரீஸ், பெஞ்சமின் நோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2016-இல் அமெரிக்க மார்மன்களிடம் கருத்துக்கணிப்பு நடத்தினார்கள். 1978 வரை இருந்த தடை கடவுளின் சித்தமா என்பது அதில் ஒரு கேள்வி. ஆம் என்று நம்புவதாகவோ, உறுதியாக அறிந்திருப்பதாகவோ சொன்னவர்கள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு.